முதன்முதலாகப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவர் எதைப் பார்க்க வேண்டும்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். மேல்கூரையைத் திறந்துவிட்டு ஓட்டக்கூடிய ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும் என்பது பல நாள் ஆசை. இப்போது பணம் சேர்ந்துவிட்டது. மெக்கானிக் வேலை அவ்வளவாகத் தெரியாது. எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் இரண்டு வண்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். ஒன்று சமீபத்தில் பெயின்ட் அடித்து, புது சீட் கவர் போட்டுப் பளபளவென்று நிற்கிறது. இன்னொன்றில் பெயின்ட் மங்கியிருக்கிறது, கதவில் கீறல் வேறு. ஆனால் அதன் உரிமையாளர் பல ஆண்டு ரசீதுகளைக் கோப்பில் போட்டு வைத்திருக்கிறார், அடிக்கடி ஓட்டவும் செய்கிறார். விலை ஏறக்குறைய ஒன்றுதான். எதை எடுப்பது?

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது. ஆனால் முதலில் எதைப் போய்ப் பார்ப்பது என்று கேட்டால், பெயின்ட் மங்கிய வண்டியைத்தான் சொல்வேன்.

காரணம் பாடி. பழைய காரில் எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக், கார்புரேட்டர் எல்லாமே கழற்றி மாட்டக்கூடியவை. எம்ஜிபிக்கு இவை அத்தனைக்கும் இன்றைக்கும் உதிரி பாகங்கள் கிடைக்கின்றன. பாடி துருப்பிடித்தால் கதை வேறு. அரித்த இடத்தை வெட்டி எடுக்க வேண்டும், புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்ய வேண்டும், கதவு நேராக உட்காருகிறதா என்று பார்த்துப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும், அப்புறம் பட்டி தேய்த்துப் பெயின்ட் அடிக்க வேண்டும். முழுக்க முழுக்கக் கைவேலை. அந்தக் கூலி காரின் மதிப்பைப் பார்த்துக் குறைவதில்லை. விலை குறைந்த ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயராக இருந்தாலும் விலை உயர்ந்த ஜாகுவாராக இருந்தாலும், ஒரு சதுர அடித் தகரத்தை வெட்டி ஒட்ட ஆகும் நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால்தான் நடுத்தர விலையுள்ள கிளாசிக் கார்களில் முழுப் பாடி வேலைக்கு ஆகும் செலவு காரின் விலையையே தாண்டிவிடுகிறது. முதல் காருக்கு நான் சொல்லும் ஒரே அடிப்படை விதி இதுதான்: உங்கள் பணத்துக்குக் கிடைக்கும் நல்ல பாடியை வாங்குங்கள். எஞ்சின் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, சமாளித்துக்கொள்ளலாம்.

எம்ஜிபியில் இதை எங்கே பார்ப்பது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1962 முதல் 1980 வரை வந்த இந்த வண்டிக்குத் தனி சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. பாடியேதான் எலும்புக்கூடு. திறந்த மாடலில் கூரையின் உதவியும் இல்லை என்பதால், முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்துப் பிடித்திருப்பது பெரும்பாலும் கதவுகளுக்குக் கீழே ஓடும் இரண்டு சில்கள்தான். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே தகரம் போலத் தெரியும். உள்ளே பல அடுக்குகள் இருக்கின்றன. சேறும் ஈரமும் அந்த அடுக்குகளுக்கு நடுவே தங்கி, உள்ளிருந்து வெளியே அரித்துக்கொண்டு வரும். உள் அடுக்கைத் தொடாமல் வெளித் தகரத்தை மட்டும் மாற்றி, மேலே பெயின்ட் அடித்து விற்பவர்கள் உண்டு. கரையான் தின்ற கதவுநிலைக்கு வார்னிஷ் பூசியது போன்ற வேலை அது. பார்க்க நன்றாக இருக்கும், பாரத்தைத் தாங்காது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. கதவுக்கும் முன் விங்குக்கும் (முன் சக்கரத்தை மூடும் தகரம்), கதவுக்கும் பின் பகுதிக்கும் இடையே உள்ள இடைவெளியை மேலிருந்து கீழ் வரை பாருங்கள். மேலே குறுகி, கீழே அகன்றிருந்தால் வண்டி நடுவில் தொய்ந்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டு பேர் உள்ளே உட்கார்ந்த பிறகும் கதவுகள் உரசாமல் திறந்து மூட வேண்டும். ஜாக்கி வைத்து ஒரு பக்கத்தைத் தூக்கும்போது நொறுங்குகிற சத்தம் வந்தாலோ, அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரிகிற அளவு மாறினாலோ, அந்த வண்டியை அங்கேயே விட்டுவிடுங்கள். ஜாக்கியால் தூக்குவதற்கே விற்பவர் சம்மதிக்கவில்லை என்றாலும் அதே பதில்தான். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் வண்டிக்கு அடியில் போகாதீர்கள். பக்கத்தில் உள்ள ஏதாவது ஒரு பட்டறையில் ராம்ப் மேல் ஏற்றிப் பார்ப்பதே சரியான வழி, அதற்கு ஆகும் செலவு வீண் போகாது.

அடியில் போனதும் சில்லின் கீழ் விளிம்பு, தரைத் தகரம், பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடங்கள் மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய வெல்டிங் எப்படி இருக்கிறது? சீரான தையலாக இருந்தால் நல்ல வேலை. அரித்த தகரத்தின் மேலேயே துண்டுத் தகரத்தை வைத்து, சுற்றி அள்ளிப் பூசியது போல் இருந்தால், கீழே துரு தொடர்ந்துகொண்டிருக்கும். அடிப்பக்கம் முழுவதும் புதிதாகக் கறுப்புப் பூச்சு கெட்டியாக அடிக்கப்பட்டிருந்தால் நான் சந்தேகப்படுவேன். எதை மறைக்க அது என்று கேட்டு, வேலை நடந்தபோது எடுத்த படங்களைக் காட்டச் சொல்லுங்கள். இருக்கைகளுக்குப் பின்னால், தரைக்குக் கீழே பேட்டரிப் பெட்டி இருக்கிறது. பேட்டரி அமிலம் சிந்திச் சிந்தி அந்தப் பெட்டியின் அடி ஓட்டையாகிப் போவது எம்ஜிபியில் வழக்கம். மூடியைத் திறந்து பார்க்காமல் வராதீர்கள். முன் சக்கரங்களுக்குப் பின்னால், விங்கின் கீழ்ப்பகுதியும் சேறு தங்கும் இடம்.

பெயின்ட் விஷயத்துக்கு வருவோம். ஒரு சாதாரணக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிச் சில்கள், சக்கர வளைவுகள், கதவின் அடிப்பகுதி என்று நகர்த்திப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகரத்துக்குப் பதில் பட்டி இருக்கிறது. பெயின்ட் கனத்தை அளக்கும் சின்ன மீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. தொழிற்சாலைப் பெயின்ட் சுமார் 100 மைக்ரானை ஒட்டி இருக்கும். மறுபடி பெயின்ட் அடித்த வண்டியில் 200, 300 வரலாம், அதில் தப்பில்லை. ஆயிரத்தைத் தாண்டினால் அங்கே பட்டி கனமாக இருக்கிறது. புதுப் பெயின்ட் கெட்டது என்று நான் சொல்லவில்லை. விற்பதற்குச் சற்று முன் அடித்த பெயின்ட், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பை உங்களிடமிருந்து பறித்துவிடுகிறது. மங்கிய பெயின்டில் துரு இருந்தால் குமிழாக, கறையாக வெளியே தெரிந்துவிடும். அந்த நேர்மைதான் உங்களுக்கு வேண்டும்.

சரி, பாடி தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது எஞ்சின். நீங்கள் வருவதற்கு முன் வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனவுடன் பானெட்டைக் கையால் தொட்டுப் பாருங்கள். பழைய எஞ்சின் தன் குறைகளைக் காட்டுவது குளிர்ந்த நிலையில்தான். சோக் இழுத்து ஸ்டார்ட் செய்யும்போது முதல் சில நொடிகள் வரும் தட்டல் சத்தம், ஆயில் பிரஷர் முள் எவ்வளவு வேகமாக ஏறுகிறது, சைலன்சரில் என்ன நிறத்தில் புகை வருகிறது, இவற்றைக் கவனியுங்கள். குளிர் நேரத்தில் கொஞ்ச நேரம் வரும் வெள்ளை ஆவியைப் பற்றிக் கவலை வேண்டாம். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், கூலன்ட்டும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல் உள்ள ஹெட்டுக்கும் நடுவே உள்ள அடைப்பு) போயிருக்கலாம். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங் தேய்மானம், காலை எடுத்து இறக்கத்தில் வந்துவிட்டு மறுபடி அழுத்தும்போது வந்தால் வால்வ் கைடு தேய்மானம். எம்ஜிபி எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் ஓட்டத்தில் 50 பிஎஸ்ஐக்குக் குறையாமலும், ஐடிலில் 15 வாக்கிலும் ஆயில் பிரஷர் காட்டினால் நிம்மதியாக இருக்கலாம். ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போனால் கம்ப்ரெஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்ற சோதனை, எடுக்கச் சொல்லுங்கள். எண் எவ்வளவு என்பதைவிட, நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பத்துப் பதினைந்து சதவீதத்துக்குள் இருக்கின்றனவா என்பதே முக்கியம். தரையில் சில சொட்டு ஆயில் கிடந்தால் அதற்காக வண்டியைக் கழித்துவிடாதீர்கள். அந்தக் காலத்து எஞ்சின்கள் பலவற்றில் ஆயில் சீல் ஏற்பாடே அப்படித்தான்.

ட்ரையம்ஃப் வண்டிகளைப் பார்க்கப் போனால் ஒரு சோதனையைத் தவறவிடாதீர்கள். ஒருவர் கிளட்ச்சை அழுத்தி விட, இன்னொருவர் எஞ்சினின் முன்னால் உள்ள கிராங்க் புல்லியைப் பார்க்க வேண்டும். அது கண்ணுக்குத் தெரிகிற அளவு முன்னும் பின்னும் நகர்ந்தால், கிராங்க்கைப் பிடித்திருக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது. அது கழன்று விழுந்தால் எஞ்சின் பிளாக்கே வீணாகிவிடக்கூடும்.

ஓட்டிப் பார்ப்பதில் முதல்முறை வாங்குபவருக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. நல்ல எம்ஜிபி எப்படி ஓடும் என்றே தெரியாதபோது கெட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது? பவர் ஸ்டியரிங் கிடையாது, பல வண்டிகளில் பிரேக் பூஸ்டரும் இல்லை. கிளட்ச் கனமாக இருக்கும், சூடும் சத்தமும் உள்ளே வரும். இன்றைய காரிலிருந்து நேராக இதில் ஏறினால் எல்லாமே பழுது போலத் தோன்றும், அல்லது எல்லாவற்றையும் பழைய கார் என்றால் இப்படித்தான் என்று மன்னித்துவிடத் தோன்றும். இரண்டுமே ஆபத்து. அதனால் வாங்குகிற எண்ணமே இல்லாமல், அதே மாடலில் இரண்டு மூன்று வண்டிகளிலாவது முதலில் உட்கார்ந்து பாருங்கள், முடிந்தால் ஓட்டுங்கள். அந்த மாடலுக்கான உரிமையாளர் சங்கத்தை அணுகினால் இது சுலபம். எம்ஜி கார் கிளப் 1930-லிருந்து இயங்குகிறது. இந்தச் சங்கங்களில் இருப்பவர்கள் தங்கள் வண்டியைப் பற்றிப் பேச ஆள் கிடைத்தால் மணிக்கணக்கில் பேசுவார்கள். அவர்களில் அனுபவமுள்ள ஒருவர் உங்களோடு வண்டி பார்க்க வந்தால், அதைவிடப் பெரிய உதவி வேறில்லை. உயரமானவராக இருந்தால் இந்தச் சோதனை இன்னும் அவசியம். காலை நீட்ட இடமில்லாத காரை எவ்வளவு நேசித்தாலும் ஓட்ட மாட்டீர்கள்.

ஓட்டும்போது அரை மணி நேரமாவது ஓட்டுங்கள், அதில் கொஞ்சம் வேகமான சாலையும் நெரிசலும் இரண்டும் இருக்கட்டும். நெரிசலில் டெம்பரேச்சர் முள் எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். மேலிருந்து ஒவ்வொரு கியராக இறக்கும்போது கரகரவென்று கடித்தால் சிங்க்ரோ, அதாவது கியர்களை உரசாமல் சேர்க்கும் பாகம், தேய்ந்திருக்கிறது. கியரில் இருந்தபடி காலை எடுக்கும்போது கியர் தானாக வெளியே குதிக்கவும் கூடாது. ஓவர்டிரைவ் (அதே வேகத்தில் எஞ்சினை மெதுவாகச் சுற்ற வைக்கும் கூடுதல் கியர்) உள்ள வண்டி என்றால் சுவிட்ச் போட்டதும் எஞ்சின் வேகம் இறங்க வேண்டும். ஓவர்டிரைவ் இருக்கும் எம்ஜிபியைத் தேடிப் பிடிப்பது நல்லது, நெடுஞ்சாலையில் அது வண்டியின் குணத்தையே மாற்றிவிடும். கம்பிச் சக்கரங்கள் அழகுதான், ஆனால் கிளட்ச்சை விடும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் 'டொக்' என்று கேட்டால், சக்கரம் உட்காரும் பற்கள் தேய்ந்திருக்கலாம். சக்கரத்தையும் ஹப்பையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும்.

மின்சார வேலைகளில் பெரும்பாலான கோளாறு எர்த் இணைப்பு துருப்பிடித்ததால் வருவது. ஒவ்வொரு சுவிட்சையும் போட்டுப் பாருங்கள், அது போதும். உள் அலங்காரத்துக்கும் நான் அதிக நேரம் தர மாட்டேன். சீட், தரை விரிப்பு, கூரைத் துணி எல்லாம் வாங்கி மாட்டிக்கொள்ளலாம். விரிப்பைத் தூக்கி அடியில் ஈரம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஆவணங்கள் பற்றி. பதிவு ஆவணத்தில் இருக்கும் சேஸிஸ் எண் வண்டியில் இருக்கும் தகட்டோடு ஒத்துப்போக வேண்டும். விற்பவர் பெயரும் அதில் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. அதன் பிறகு ரசீதுகள். தேதியும் கிலோமீட்டரும் போட்ட ரசீது, எந்த வேலை எப்போது நடந்தது என்பதற்கு மறுக்க முடியாத சாட்சி. 'முழுக்க ரெஸ்டோர் செய்தது' என்று வாயால் சொல்வதற்கு மதிப்பில்லை. வெறும் தகரமாக நின்ற நிலையில் எடுத்த படங்கள், பட்டறை ரசீது இரண்டும் இருந்தால் நம்பலாம். எம்ஜி, ட்ரையம்ஃப் போன்ற பிரிட்டிஷ் வண்டிகளுக்கு இங்கிலாந்தின் கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம், தொழிற்சாலைப் பதிவேடுகளைப் பார்த்து ஹெரிடேஜ் சான்றிதழ் தருகிறது. அதில் வண்டி எந்த நிறத்தில், எந்த எஞ்சின் எண்ணோடு வெளியே வந்தது என்ற விவரம் கிடைக்கும். தொழிற்சாலையில் வைத்த அதே எஞ்சின் இன்னும் இருக்கிறதா என்பது ஜாகுவார் இ-டைப், போர்ஷே 911 போன்ற வண்டிகளின் விலையைப் பெரிதும் மாற்றும். எம்ஜிபியில் அதற்கு அவ்வளவு முக்கியத்துவம் இல்லை, நல்ல மாற்று எஞ்சின் இருந்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளலாம்.

1974-இன் இறுதியிலிருந்து வந்த எம்ஜிபிகளில், அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளுக்காகக் கறுப்பு ரப்பர் பம்பர் வைத்து, உயரத்தையும் கூட்டினார்கள். வளைவுகளில் அவை சற்றுக் கூடுதலாகச் சாயும், தோற்றத்தையும் பலர் விரும்புவதில்லை. அதனால் குரோம் பம்பர் வண்டிகளைவிட விலை குறைவு. முதல் காராக வாங்குபவருக்கு அது நல்ல செய்தி என்றே நினைக்கிறேன். அதே பணத்துக்கு இன்னும் நல்ல பாடி கிடைக்கும்.

எம்ஜிபிதான் வேண்டும் என்று இன்னும் முடிவு செய்யவில்லை என்றால் மற்றவற்றைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன். மெக்கானிக் வேலை தெரியாத ஒருவருக்கு என் மனதில் முதலில் வருவது 1989-இல் அறிமுகமான முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. காலையில் சாவி போட்டால் கிளம்பும். பின் சக்கரத்துக்கு முன்னால் சில் அரிப்பதுதான் அதன் பெரிய நோய், கூரையிலிருந்து நீர் வடியும் துளைகள் அடைத்துக்கொள்வது அதற்கு ஒரு காரணம். ஸ்பிட்ஃபயரில் பானெட் முழுதாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும், வேலை கற்றுக்கொள்ள அதைவிட வசதியான கார் அரிது. ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடரின் எஞ்சின் மனதை மயக்கும், ஆனால் துருவும், இரண்டாம் கியர் சிங்க்ரோவும் அதன் பலவீனங்கள். போர்ஷே 944-இல் டைமிங் பெல்ட் மாற்றிய ரசீது இல்லை என்றால் மாற்றும் வரை ஓட்டவே வேண்டாம், பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். இ-டைப்பின் அழகில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அதன் பின் டிஸ்க் பிரேக்குகள் சக்கரத்தில் இல்லாமல் உள்ளே டிஃபரென்ஷியலை ஒட்டி இருக்கின்றன. பிரேக் வேலைக்கே பின் சஸ்பென்ஷனை இறக்க வேண்டிவரலாம். முதல் காராக அதை நான் சொல்ல மாட்டேன்.

பிரித்துப் போட்டுப் பெட்டிகளில் வைத்திருக்கும் வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் தொடாதீர்கள். எது காணாமல் போயிருக்கிறது என்பதே பூட்டத் தொடங்கிய பிறகுதான் தெரியும்.

பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடாமல் ஐந்தில் ஒரு பங்கையாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியதும் அது தேவைப்படும். எல்லா ஆயில்களையும் கூலன்ட்டையும் மாற்றுங்கள். பிரேக் ஹோஸ், பெட்ரோல் ஹோஸ் இரண்டையும் பழசு என்றே வைத்துக்கொண்டு புதிது போடுங்கள். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பரில் விரிசல் விழ வைக்கும், சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் கசிந்தால் வண்டியே எரிந்துபோகும். எத்தனால் தாங்கும் ஹோஸாகக் கேட்டு வாங்குங்கள், வண்டிக்குள் ஒரு தீயணைப்பானும் இருக்கட்டும். ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்த எஞ்சினில், ஈயமில்லாத இன்றைய பெட்ரோலைத் தாங்கும்படி கடினப்படுத்திய வால்வ் சீட் போட்டிருக்கிறார்களா என்று ரசீதில் பாருங்கள். இல்லையென்றால் அவசரமில்லை, வால்வ் இடைவெளியை அடிக்கடி அளந்துகொண்டு, ஹெட்டைக் கழற்றும் நாளில் போட்டுக்கொள்ளலாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 3516 என்றால் 2016-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் இருந்தாலும் பத்து வருட டயரை நம்பி வேகம் போகாதீர்கள். காப்பீடு எடுக்கும்போது மதிப்பை முன்கூட்டியே இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் வகையாகக் கேளுங்கள், இல்லையென்றால் விபத்து நடந்தால் வெறும் பழைய கார் விலைதான் கிடைக்கும்.

அப்புறம், ஓட்டுங்கள். மூடி வைத்த வண்டியில் பிரேக் கேலிப்பர் இறுகும், கார்புரேட்டரில் பெட்ரோல் பிசினாகும், சீல்கள் காய்ந்து கசியத் தொடங்கும். நிறுத்தி வைத்த இடத்திலேயே ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது நல்லது செய்வதில்லை. எஞ்சின் முழுதாகச் சூடாகாததால் ஆயிலிலும் சைலன்சரிலும் ஈரம் தங்கிவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது அரை மணி நேரம் சாலையில் ஓட்டுங்கள். முதல் சில மாதங்கள் வீட்டைச் சுற்றியே ஓட்டி, என்னென்ன கழல்கிறது, எங்கே கசிகிறது என்று ஒரு நோட்டில் குறித்துவாருங்கள். தூரப் பயணம் அந்தப் பட்டியல் முடிந்த பிறகு போகலாம்.